பொலிஸுக்குத் தெரிந்த பிழை

என் கணவரின் தாய்மாமன் எதையாவது திருத்தி முடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் எது பழுதானாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார். சாரத்தை மடித்துக் கட்டுவார். பழுதான சாமானை ஒருதரம் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "ஒவ்வொண்டாக் கழட்டிப் பாப்பம்" என்பார். அந்தக் குரலில் இருந்த நிதானம் பெரிய டொக்டர்மாருக்கும் வாய்க்காது. கேட்டவுடனேயே பாதிப் பழுது சரியாகிவிட்டது போல எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். மற்றப் பாதி அப்படியே இருக்கும்.

அவருடைய முறை எளிமையானது. ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டுச் சாமானை ஓடவிட்டுப் பார்ப்பார். பழுது போகவில்லையென்றால் அந்தப் பாகம் குற்றமற்றது. அதை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றுவார். குற்றமற்றவை என்று தீர்ப்பானவை ஒருபோதும் தங்கள் இடத்துக்குத் திரும்பியதில்லை.

"பழுது எண்டது வீட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிற ஆள் மாதிரி, பிள்ளை," என்று எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினார். "வீட்டில உள்ள எல்லாரையும் ஒவ்வொராளா வெளியில எடுத்தா, கடைசியா மிஞ்சுறவன்தான் அவன்."

சுற்றிவளைப்பும் தேடுதலும் நடந்துகொண்டிருந்த காலம். மாமாவின் மனைவி, எங்கள் மாமி, குசினிக்குள் இருந்து தலையை நீட்டினார். "உதை வெளியில போய்ச் சொல்லிப் போடாதேங்கோ. ஆமிக்காரன்ர காதில விழுந்தா, நல்ல யோசினை எண்டு எடுத்துப் போடுவான்."

மாமா முந்தி யாழ்ப்பாண ரயிலில் கார்டாக இருந்தவர். சண்டையில் பாதை அறுந்து, ரயில் பாதிவழியோடு நின்றதும் அவரும் ஓய்வெடுத்துக்கொண்டார். போய்ச் சேராத ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்ட வெட்கமாக இருந்ததாம். ரயிலில் கழற்றிப் பார்க்க அவரை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆசை முழுவதும் ஓய்வுக்குப் பிறகு வீட்டின்மேல் இறங்கியது.

மாமியின் தலையிடிக் கதையை அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள். மாமிக்கு நெடுநாளாகத் தலையிடி. மாமா மருந்து வாங்கவில்லை. முதலில் கோப்பியை நிற்பாட்டினார். தலையிடி நிற்கவில்லை. பிறகு பருப்பு. பிறகு மீன். பிறகு தேங்காய்ப்பால். கடைசியில் மாமி பாணும் வெறும் தேத்தண்ணியுமாக இருந்தார், தலையிடியும் கூடவே இருந்தது. அந்த நேரம் மாமா ஒரு பழைய வான் வண்டி பார்க்கவென்று கொட்டாஞ்சேனைக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது மாமி மீன்குழம்போடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"தலையிடி?" என்று மாமா கேட்டாராம்.

"போட்டுது," என்றாராம் மாமி. "கழட்டவேண்டியதைக் கழட்டினவுடன போட்டுது."

அவர் பார்க்கப் போன வான்தான் இந்தக் கதைக்குரியது. சண்டை தொடங்குவதற்கு முந்திய காலத்தில், ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்கெல்லாமோ நாடு சுற்றிக்கொண்டு அதை இங்கே கொண்டுவந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் முஸ்லிம் நானா ஒருவரின் கராஜில் திருத்தவிட்டு, சாமான் வரக் காத்திருந்து அலுத்து, விமானம் ஏறிவிட்டார்கள். நானாவின் கராஜ் மூலையில் பூனைகள் குட்டிபோடும் இடமாக அது பல வருடம் இருந்தது. பிறகு மாமா அதைக் கண்டார்.

அது வான் என்றாலும் வீடு. உள்ளே ஒரு கட்டில், கைகழுவ ஒரு தொட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு பிரிட்ஜ், மடித்து வைக்கிற மேசை, செம்மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலைகள். ஏறிப் படுத்தால் தேசம் தேசமாகப் போகலாம். மாமா அதை ஓட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, எங்கள் ஒழுங்கையின் அடியில், ரயில் பாதைக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி நிறுத்தினார். அங்கே திருப்ப இடமில்லை. ஆகவே அது அப்படியே நின்றது. வடக்கே போகப் பாதையில்லை, மற்றப் பக்கங்களுக்குப் போக ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச்சாவடி. இலங்கையில் அந்த நேரம் எங்கேயும் போகமுடியாத ஓர் இனத்தில் பிறந்த மனிதர், எங்கேயும் போகக்கூடிய வீடு ஒன்றை வாங்கியிருந்தார்.

நான் மருமகளாக வந்தது மின்வெட்டுக் காலத்தில். என் கணவர் துறைமுகத்தில் சாமான் விடுவிக்கிற கொம்பனி ஒன்றில் கிளார்க். எங்கள் கலியாணம் கொட்டாஞ்சேனைக் கோயிலில் நடந்தது. வெள்ளவத்தை வீட்டில் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு பல்கனி. அதற்குள் மாமியின் தங்கை குடும்பம் கனடாவுக்குப் போக ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்போட் எடுக்க வந்த இரண்டு பெடியன்கள் பல மாதமாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கண் ஒப்பரேஷனுக்கு வந்த ஒரு முதியவர் ஒப்பரேஷன் முடிந்தும் போகப் பாதை இல்லாமல் இருந்தார். பெண்கள் ஹோலில், ஆண்கள் பல்கனியில், சாமான்கள் அறைகளில்.

கலியாணத்தன்று பின்னேரம், எங்களை எங்கே படுக்கவிடுவது என்று ஹோலில் ஒரு கூட்டம் நடந்தது. எங்களை நடுவில் இருத்தி வைத்துக்கொண்டே நடந்தது. குசினிக்குள் சீலை கட்டி மறைக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் விடிய யார் தேத்தண்ணி போடுவது என்று கேட்டார்கள். கண் ஒப்பரேஷன்காரர் தான் கோயில் மண்டபத்துக்குப் போவதாகச் சொல்லி அழுதார். நான் தலையைக் குனிந்து மருதாணிச் சிவப்பு மாறாத என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன், வான் இருக்குதல்லோ?" என்றார் மாமா.

வானுக்குள் ஃபான் இருந்தது. மின்வெட்டு நேரத்திலும் சுழலும். ஏனென்றால் மாமா கட்டிலுக்குக் கீழே ஒரு இன்வேட்டர் பூட்டியிருந்தார். வான் பற்றரியின் கரண்ட் பன்னிரண்டு வோல்ட், வீட்டுச் சாமானுக்கு அது காணாது, அதைப் பெருப்பித்துக் கொடுக்கிற பெட்டி அது என்று என் கூறைச்சேலையோடு என்னைக் குனியவைத்துக் காட்டினார். நாலைந்து நிறத்தில் வயர்கள் தும்புக்கட்டுப் போலக் கிடந்தன. "முழுக்க என்ர வேலை," என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஃபானைப் போட்டுவிட்டு நானும் என் கணவரும் கட்டில் நுனியில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் அன்று காலை வரைக்கும் அதிகம் பழக்கமில்லை. "உமக்கு மீன் பிடிக்குமோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். "என்ன மீன்?" என்றார். "விளைமீன்," என்றேன். அதற்கு மேலே மீன்களில் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. படுத்தோம்.

பீ...ப்.

வானின் ஹோன். பெரிதாக இல்லை, யாரோ கூச்சத்தோடு அடித்தது போல. கூடவே வெளியில் இடப்பக்கச் சிக்னல் விளக்கு மினுக், மினுக் என்று ஒழுங்கை மதிலில் மஞ்சளாக விழுந்தது. இருவரும் பதறி எழும்பினோம். நின்றுவிட்டது.

"மருமோன்!" வெளியே மாமாவின் குரல் உடனே கேட்டது. "ஹோன் அடிச்சனியே?"

"இல்லை மாமா. அது தானா அடிச்சது."

"தானாவோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தோசத்தை நான் பிறகு ஒரேயொரு நாள்தான் அவரில் கண்டேன்.

மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டார். முதலில் பிரிட்ஜைக் கழற்றினார். அன்று இரவும் ஹோன் அடித்தது. பிரிட்ஜ் குற்றமற்றதாகி வீட்டு ஹோலுக்குப் போனது. பெண்கள் அதைச் சுற்றிப் படுத்தார்கள். தண்ணீர்ப் பம்ப் போனது, ரேடியோ போனது, மேல்விளக்குகள் போயின. ஒருநாள் ஹோனையே கழற்றிப் பார்த்தார். அன்று சிக்னல் விளக்கு மட்டும் மினுங்கியது. "ஹோன் இல்லாட்டில் பழுது வாறது எனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று அதைத் திரும்பப் பூட்டினார். அவர் வாழ்க்கையில் திரும்பப் பூட்டிய முதற்சாமான் அதுதான் என்று மாமி சொன்னார்.

எதிர்வீட்டுச் சிங்கள ரீச்சர் ஒவ்வொரு நாளும் காலையில் என்னைக் கண்டால், "துவே, ஈயேத் ஹோன் எக கெஹுவா நேத?" என்பார். எனக்குச் சிங்களம் தெரியாது. 'நேற்றும் ஹோன் அடித்ததே, மகள்' என்கிறார் என்று மாமி சொல்லித்தான் தெரியும். தெரிந்தபிறகு நான் பாண் வாங்கப் போவதை விட்டுவிட்டேன்.

வானுக்குள் கட்டிலும் ஃபானும் இன்வேட்டரும் மாத்திரம் மிஞ்சியபோது, மாமா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இனிக் கழட்ட மிச்சம் நீங்கள் ரெண்டுபேரும்தான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பரிசோதனை நடந்தது. ஒழுங்கை முழுக்க வந்து நின்றது. முதலில் என் கணவரை மட்டும் கட்டிலில் இருத்தி ஃபானைப் போட்டார். ஹோன் இல்லை. அவரை இறக்கிவிட்டு என்னை இருத்தினார். இல்லை. இருவரையும் பக்கம் பக்கமாக இருத்தினார். இல்லை. பாஸ்போட் பெடியன்கள் இருவரும் இருந்து பார்த்தார்கள், குதித்தும் பார்த்தார்கள். மாமியும் தங்கையும் இருந்தார்கள். கண் ஒப்பரேஷன்காரர் யாரும் கேட்காமலே ஏறி இருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மாமா தாடையைத் தடவினார். "இது சாதாரணப் பழுது இல்லை. நான் பாக்கேக்க வராமல், நான் போனாப் பிறகு வருது."

எனக்கும் என் கணவருக்கும் அதற்குள் காரணம் விளங்கிவிட்டது. கட்டிலில் குந்தி இருந்தால் அடிக்காது. இருவரும் படுத்தால்தான் அடிக்கும். கட்டில் நடுவில் பதிந்து கீழே எதையோ அமத்துகிறது.

"மாமாட்டைச் சொல்லுவமே?" என்று என் கணவர் கேட்டார்.

"ஆர் சொல்லுறது?"

"நீர் சொல்லும்."

"ஐயோ, நான் மாட்டன். உங்கட மாமாதானே, நீங்கள் சொல்லுங்கோ."

அவரும் சொல்லவில்லை. ஃபானை நிற்பாட்டிப் பார்த்தோம். ஹோன் அடிக்கவில்லை, ஆனால் கொழும்பு வெயிலில் நாள்முழுக்கக் காய்ந்த தகரத்துக்குள் வேர்த்து ஒழுகியது. கடைசியில் முறைவைத்துக்கொண்டோம். ஒருவர் படுக்க மற்றவர் கால்மாட்டில் இருப்பது. இருக்கிறவர் நித்திரை தூங்காமல் இருக்கக் கதை சொல்லவேண்டும். அவர் துறைமுகத்துக் கதை சொன்னார். கிழமைக்கணக்காய்க் கப்பலிலேயே நின்று நாறிப்போன உருளைக்கிழங்கு, சவப்பெட்டி என்று நினைத்து எல்லோரும் தொப்பி கழற்றி நின்ற பியானோ. நான் எங்கள் ஊரில் ஷெல் விழுந்த அன்று பங்கருக்குள் ஆட்டையும் இழுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன். வேறு வீட்டில் வேறு கட்டிலில் கலியாண வாழ்க்கை தொடங்கியிருந்தால் நாங்கள் அவ்வளவு கதைத்திருக்க மாட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்து போய் வந்த களைப்பு. பொழுதுபட்டு மின்சாரமும் போயிருந்தது. நான் படுத்திருந்தேன். அவர் கால்மாட்டில் இருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். இருவரும் அயர்ந்து தூங்கிப்போனோம். எவ்வளவு நேரம் ஹோன் அடித்ததோ, எவ்வளவு நேரம் விளக்கு மினுங்கியதோ தெரியாது. மாமா வந்து கதவில் தட்டித்தான் எழும்பினோம்.

மறுநாள் காலை ஜீப் வந்தது.

ரயில் பாதையோரம் சென்றிக் காவலில் நின்ற ஆமிக்காரன் பல நாளாகப் பார்த்திருக்கிறான். இருட்டில் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு வாகனம். மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. அதே நேரம் ஹோன் விட்டு விட்டுக் கேட்கிறது. கடலில் இருக்கிற யாருக்கோ தகவல் போகிறது என்று அறிவித்துவிட்டான். நான் அந்த ஆமிக்காரனின் இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், சத்தம் போடாதவர். எங்கள் பெயர்கள் பொலிஸ் பதிவில் அந்த வீட்டு முகவரியில் பதிந்திருப்பதைப் பார்த்தார். எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். மாமா வானைக் காட்டினார்.

"மேக்க வாஹனயக் நே," என்றார் இன்ஸ்பெக்டர். இது வாகனமல்லவா. வாகனத்தில் இருப்பவர் பயணி, குடியிருப்பவர் அல்ல. அப்படியானால் இவர்கள் எங்கே பயணம் போகிறார்கள்?

"எங்கேயும் போகவில்லை," என்றார் மாமா, நல்ல சிங்களத்தில்.

"நாலு சில்லு இருந்தும்?"

மாமா குனிந்து நாலு சில்லையும் பார்த்தார். என் கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மத்தியானம் வந்திடுவன், பயப்படாதையும்," என்றார். அந்த வருடங்களில் அப்படிச் சொல்லிவிட்டு ஏறியவர்கள் பலர். சிலர் மத்தியானமே வந்தார்கள். சிலருடைய தாய்மார் இன்னும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "விசாரிக்கத்தான் பிள்ளை, விசாரிச்சிட்டு விட்டிடுவாங்கள்," என்று மாமி என் தோளைப் பிடித்தார். 

மத்தியானம் அவர் வரவில்லை.

மாமா வான் படியில் இருந்தார். பிறகு எழும்பி, பெட்டியடியில் கிடந்த தன் கார்ட் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். வயிற்றடியில் பொத்தான் பூட்டவில்லை. அப்படியே பொலிஸுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "பழுது எண்டு சொன்னன். சமிக்ஞை இல்லை, பழுது. வாருங்கோ, காட்டுறன் எண்டு சொன்னன்." இன்ஸ்பெக்டர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலை வருகிறேன், காட்டு என்றாராம். காட்டாவிட்டால் பெடியனை மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வரும் என்றாராம்.

வீட்டுக்கு வந்த மாமா என் முன்னால் நின்று, "எல்லாத்தையும் திரும்பப் பூட்டவேணும்," என்றார். "அண்டைக்கு இருந்த மாதிரி. ஒண்டு குறைஞ்சாலும் பழுது வராட்டில்..." அவருடைய முகத்தில் அப்போதுதான் பயத்தைக் கண்டேன். எதை எங்கிருந்து கழற்றினார் என்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

நினைவு வைத்திருந்தவர் மாமி. ஒவ்வொரு சாமான் வீட்டுக்குள் வந்தபோதும் திட்டித் திட்டியே எல்லாவற்றையும் மனதில் பதித்து வைத்திருந்தார். "உந்தச் சிவப்பு வயர் இடப்பக்கம். அதுக்கு மேலதான் பம்ப். இல்லை, இஞ்சேருங்கோ, அது ரேடியோன்ர ஆணி, அதைக் கீழ வையுங்கோ." பிரிட்ஜைப் பெடியன்கள் தூக்கினார்கள். தங்கை குடும்பம் விளக்குகளைக் கொண்டு வந்தது. கண் ஒப்பரேஷன்காரர் டோர்ச் பிடித்தார். அந்த வானுக்குள் மாமாவும் மாமியும் முழங்காலில் இருந்து, தலை முட்ட முட்ட, விடிய வெளிச்சம் வரும்வரை பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். ஜீப்பின் பின்னால் இரண்டு கொன்ஸ்டபிள்களுக்கு நடுவில் என் கணவர், முதல்நாள் சேர்ட்டோடு. ஒழுங்கை முழுக்க நின்றது. எதிர்வீட்டு ரீச்சர் தன் கதிரையைக் கேற்றடிக்கே கொண்டுவந்துவிட்டார்.

மாமா ஃபானைப் போட்டார். பெடியன்களை இருத்தினார். ஹோன் அடிக்கவில்லை. அவர்களை இறக்கிவிட்டு மாமியோடு தான் இருந்தார். இல்லை. "பாரம் காணாது," என்று இரண்டு கொன்ஸ்டபிள்களையும் கெஞ்சி இருத்தினார். துவக்குகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இல்லை. கடைசியில் இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தார். செம்மஞ்சள் பூச் சீலைக்குக் கீழே அவர் முகம் மிகவும் களைத்திருந்தது. ஃபான் சுழன்றது. கடல் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"வரும் சேர், கொஞ்சம் பொறுங்கோ, வரும்," என்று மாமா தமிழும் சிங்களமுமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். வியர்வை கோட்டைத் தாண்டி வந்துவிட்டது. பிறகு என் கணவரை இறக்கச் சொல்லிக் கேட்டார். விட்டார்கள். அவரும் நானும் பக்கம் பக்கமாக இருந்தோம். ஒரு நாளைக்குள் அவருக்குத் தாடி வந்திருந்தது. இல்லை. ஹோன் அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பப் போட்டார்.

நான் மாமியைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். காதுக்குள் சொன்னேன். "மாமி, நாங்கள் இருக்கேல்லை."

"என்ன?"

"ஹோன் அடிக்கேக்க நாங்கள் இருக்கேல்லை, மாமி."

மாமி என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். அவரோ தன் காலடியைப் பார்த்தார். மாமி நிமிர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "சேர், நிதாகென ஹிட்டியே." படுத்திருந்தார்களாம்.

கேற்றடியில் இருந்து ரீச்சர், "ஆ," என்றார்.

"ஹரி, ஹரி," என்றார் இன்ஸ்பெக்டர், வானின் கூரையைப் பார்த்து. கொன்ஸ்டபிள்கள் கடலைப் பார்த்தார்கள்.

நாங்கள் படுத்தோம். அத்தனை பேருக்கு முன்னால், கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, இரண்டு மரக்கட்டைகள் போல மல்லாந்து படுத்தோம். நான் கண்களை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எந்தக் கோயிலிலும் அவ்வளவு உருகிக் கும்பிட்டதில்லை. அடி, அடி, தயவுசெய்து அடி என்று கேட்டேன்.

பீ...ப். பீ...ப். மினுக், மினுக்.

"பாத்தீங்களே! பாத்தீங்களே!" மாமா தனக்குப் பிள்ளை பிறந்ததுபோல் துள்ளினார். யாரோ கைதட்ட, ஒழுங்கை முழுக்கத் தட்டியது. பெரிய கொன்ஸ்டபிள் சிரித்து, சிரித்ததை இருமலாக்கினார். நான் எழும்பவில்லை. படுத்தபடியே அழுதுகொண்டிருந்தேன். நான் அழ அழ ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் என் கணவரை விட்டுவிட்டார். ஒரே ஒரு கட்டளை: வான் இனிக் கடலைப் பார்க்கக்கூடாது. அதைத் திருப்ப, ஒழுங்கை ஆட்கள் எல்லோருமாய்ப் பெருந்தெருவான காலி வீதி வரைக்கும் பின்னோக்கித் தள்ளி, அங்கே பஸ்களை மறித்துத் திருப்பி, பிறகு பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். மாமா கார்ட் கோட்டோடு முன்னால் நடந்தார்.

அந்தக் கிழமையே நானா கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தார். கட்டிலுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார். "சேர், இது பொடி வேல. எர்த் வயர் லூஸா நிக்கி. கட்டில் பதிஞ்சா வெலகுது. கரண்டுக்குத் திரும்பி வர வழியில்ல, ஹோன்ட வழியால வருது. ஒரு நட்ட டைட் பண்ணினா முடிஞ்சி." ஸ்பானரை எடுத்தார்.

மாமா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "தொடாதேங்கோ நானா!"

"ஏன் சேர்?"

"அது பொலிஸுக்குத் தெரிஞ்ச பிழை. அதைத் தொடேலாது."

நானாவுக்கு விளங்கவில்லை. மாமா விளங்கப்படுத்தினார். நாளைக்கு இந்த இன்ஸ்பெக்டர் மாறிப்போவார். புதிதாக ஒருவர் வருவார். சென்றிக்காரன் சொன்னது எங்கேயாவது எழுதிக் கிடக்கும். 'எங்கே அந்தப் பழுது, காட்டு' என்று கேட்டால், திருத்திப்போட்டோம் என்று சொல்லவா? "பழுது இருக்கிறவரைக்கும்தான் நாங்கள் சுத்தம்," என்றார். நானா என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சேருக்கு சொகமில்லையா?" என்று கேட்டார். எனக்கு மாமா சொன்னது முற்றும் சரியாகப் பட்டது.

எதைக் கண்டாலும் கழற்றுகிற மனிதர் அன்றிலிருந்து அந்த வானில் ஓர் ஆணியைக்கூட யாரும் தொட விடவில்லை. பழுது பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி பரிசோதித்தார். பரிசோதிக்க இரண்டு பேர் வேண்டும். நாங்கள் அதற்குள் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க விதவையின் பின்னறையை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டோம். அங்கே சாதாரண ஃபான். முதல் நாள் அதைப் போட்டுவிட்டுப் படுத்து, இரண்டுபேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போனோம். வீட்டில் இன்னும் இரண்டு புதுக் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஹோலில் கால்வைக்க இடமில்லை. மாமாவையும் மாமியையும் காணவில்லை.

"எங்கை?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணப் போட்டினம்," என்றான் பாஸ்போட் பெடியன்களில் ஒருவன். "ஒவ்வொரு நாளும் இந்த நேரம் போவினம்."

பல்கனியில் போய் நின்று பார்த்தோம். ஒழுங்கையின் அடியில் வான் நின்றது. திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மாமியின் செருப்பும் மாமாவின் செருப்பும் படியில் கிடந்தன. மாமியின் தங்கை எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்து முடித்தோம். கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டார்கள்.

ஹோன் அடிக்கவில்லை. ஃபானைப் போட்டார்களோ, எங்களைப் போல ஒருவர் கால்மாட்டில் இருந்து கதை சொன்னாரோ, தெரியாது. போய்க் கூப்பிடட்டுமா என்று என் கணவர் கேட்டார்.

"வேண்டாம், இருங்கோ," என்றேன்.